இறக்கையில் ஒரு சொட்டு

நவராத்திரிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவதற்கு முன்னால், கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணந்தான். எங்கள் வீட்டில் விபரீதங்கள் எல்லாம் இப்படி ஒரு நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கின்றன!

அலமாரியின் மேல் தட்டில் என் மாமனாரின் ஆகாய விமானம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் என்று பெயர். 1940-ல் இங்கிலாந்து தேசத்தின் வானத்தைக் காத்த சண்டை விமானத்தின் சின்ன உருவம். நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அளந்தால் 15½ சென்டிமீட்டர்தான் இருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை பூராவும் உட்கார்ந்து செய்தது அது. பையன் பாகங்களை வெட்டிக் கொடுப்பான். அவர் ஒட்டி வர்ணம் பூசுவார். மேலே பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, இறக்கையில் நீல வளையத்துக்கு நடுவே சிவப்புப் பொட்டாக, அவ்வளவு நேர்த்தி!

வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "இது நம்ம ஊர்ப் பிளேனாக்கும்!" என்பார் மாமா. பொய்யில்லை. பிரிட்டிஷ் விமானப் படையின் 234-ம் ஸ்க்வாட்ரனுக்கு 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் இங்கிருந்து போன நன்கொடைக்கு நன்றி அது. 1940-ல் அந்த ஸ்க்வாட்ரன் பறந்தது ஸ்பிட்ஃபயரில்தான்.

விமானம் செய்த மறு வருஷம் மாமாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. காப்பித் தம்ளரைக்கூட இப்போது இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். இனி இன்னொரு விமானம் அவரால் செய்ய முடியாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்ட விமானத்தைத்தான் நான் பழைய துண்டால் துடைத்தேன். துண்டின் நூல் ஒன்று மூக்கிலிருந்த சுழல் விசிறியில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மூன்று இதழ்களில் ஒன்று என் காலடியில் கிடந்தது.

நல்ல வேளையாக மாமா ஊரில் இல்லை. திருச்சியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புகிறார். அன்று புதன்கிழமை.

மேஜை இழுப்பறையில் ஒரு சின்னப் பசைக் குழாய் இருந்தது. நொடியில் ஒட்டும் ஜாதி. செருப்பு வார், வாளிக் கைப்பிடி, மூக்குக் கண்ணாடிக் கால் என்று எல்லாவற்றையும் அதனால் ஒட்டித் தேர்ச்சி பெற்றவள் அல்லவா நான்? விமானத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதன் மூக்கின்மேல் குழாயை அமுக்கினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். வந்தது பாருங்கள், ஒரு பெரிய சொட்டு! மூக்கில் விழாமல் இடது இறக்கையில், நீல வளையத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

பாலோ எண்ணெயோ சிந்தினால் நம் கை சும்மா இருக்குமா? யோசிப்பதற்கு முன்னால் விரல் துடைத்துவிட்டது. விரலும் இறக்கையும் ஒட்டிக்கொண்டன. பிரித்து எடுத்தபோது, விளிம்பில் பாதிச் சொட்டு முத்துப் போல் நின்றது. மீதிப் பாதி பசைப் படலமாகப் பரவி, அதில் என் கட்டை விரல் ரேகை பதிந்திருந்தது. போலீஸ்காரருக்கு வேறு சாட்சியமே வேண்டாம்!

என் தம்பிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த பிளாஸ்டிக் மாடல் பைத்தியம் உண்டு. அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அழாத குறையாக விஷயத்தைச் சொல்லிவிட்டு, "பஞ்சு எடுத்து வைத்திருக்கிறேன், துடைத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அக்கா, முதல்லே அந்தப் பஞ்சைக் கீழே போடு!" என்று ஒரே கத்தல். "நான் சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே."

தாம்பரத்திலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் என் கணவர் ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். "இதற்கா இவ்வளவு கலவரம்? உன்னிடந்தான் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கிறதே! கையில் இந்தப் பசை ஒட்டிக்கொண்டால் அதுதான் மருந்து என்று படித்திருக்கிறேன்" என்றார். அவர் படித்ததில் தப்பில்லை. பாட்டிலை எடுத்துவந்து மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். வாசலில் தம்பியின் குரல் கேட்டிராவிட்டால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"அத்திம்பேர், விமானத்துக்கு முன்னாடி இதுக்குப் பூசிப் பார்க்கலாம்" என்று சொல்லி, பையனின் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்தான். மாடல் பெட்டி வாங்கினால் பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் காய் தொங்குவது போல் ஒட்டிக்கொண்டு வரும். பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிச்சச் சட்டத்தைப் பையன் எறியாமல் சேர்த்து வைத்திருந்தான். அதில் மாமா வர்ணத்தைப் பூசிப் பார்த்த தடங்கள்கூட இருந்தன. அதே பிளாஸ்டிக், அதே வர்ணம்! சோதனைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ரிமூவரில் ஒரு குச்சியைத் தோய்த்து அந்தப் பழுப்பு வர்ணத்தில் வைத்தான். எண்ணிப் பத்து விநாடி. வர்ணம் குழம்பாகக் கரைந்து குச்சியோடு வந்தது. அடியிலிருந்த பிளாஸ்டிக் வெயிலில் வைத்த வெண்ணெய் போல் இளகி, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் முதலைத் தோலாகச் சுருங்கிக் கிடந்தது. என் கணவர் ஒன்றும் பேசாமல் பாட்டிலை மூடினார்.

காரணம் இதுதான். ரிமூவரில் இருப்பது அசிட்டோன். அது பசையைக் கரைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் இந்த மாடல்கள் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. பசையைக் கரைப்பதற்கு முன்னால் அசிட்டோன் அந்தப் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டிருக்கும் பாட்டிலை நம்பியும் ஏமாறக்கூடாது. அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அதுவும் அண்ணனுக்குத் தம்பிதான். ஸ்பிரிட்டோ பசையைக் கரைக்காது. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வர்ணமாக இருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டுப் போகும். பசையைப் பிரிப்பதற்கென்றே தனித் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றிலும் சிலவற்றில் அசிட்டோன் உண்டு. எதுவானாலும் இந்த மாதிரி ஒரு மிச்சத் துண்டில் பூசிப் பார்க்காமல் மாடலின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

"பஞ்சுக்கு என்னடா ஆயிற்று? அதற்கு ஏன் அப்படிக் கத்தினாய்?" என்று கேட்டேன்.

பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகைப் பஞ்சை வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, தூர நின்றபடி பசையை நாலைந்து சொட்டு விட்டான். சில விநாடிகளில் பஞ்சிலிருந்து புகை எழுந்தது! மூக்கையும் கண்ணையும் எரித்தது. தட்டு சுட்டது. என் விரல்களுக்கு நடுவில் அந்தப் பஞ்சு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இந்தப் பசை காற்று பட்டுக் காய்வதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில், பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரந்தான் அதை இறுகச் செய்கிறது. இறுகும்போது வெப்பம் வெளிவரும். பஞ்சு, பருத்தித் துணி, கம்பளி இவற்றின் நூலிழைகளில் பசை பரவினால் முழுவதும் ஒரே சமயத்தில் இறுகுவதால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். ஆகையால் பருத்திப் புடவையின் மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பசையைக் கையாளாதீர்கள். குழந்தைகள் எதிரில் இந்தப் பஞ்சு வித்தையைச் செய்து காட்டவும் வேண்டாம்.

இந்தப் பசை பிறந்த கதையும் வேடிக்கைதான். அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணர், யுத்த சமயத்தில், 1942-ல், துப்பாக்கிக் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது சயனோ அக்ரிலேட் என்ற இந்தச் சரக்கு அகப்பட்டது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டதால், 'சனியன், வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1951-ல், ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியில் அவருடன் வேலை பார்த்த ஃபிரெட் ஜாய்னர், இதே சரக்கை ஓர் ஒளிக் கருவியின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவில் தடவிச் சோதித்தார். சோதனை முடிந்தது, பட்டகங்களைப் பிரிக்க முடியவில்லை. விலை உயர்ந்த கருவி பாழாயிற்று. அப்போதுதான் கூவருக்குப் பொறி தட்டியது. ஒட்டுகிறதே என்று இத்தனை நாள் வைதோமே, ஒட்டுவதையே வியாபாரமாக்கினால் என்ன? 1958-ல் பசை கடைக்கு வந்தது. ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒரே ஒரு சொட்டுப் பசையின் பலத்தில் ஓர் ஆளையே தரையிலிருந்து தூக்கிக் காட்டினார் கூவர். ஆளைத் தூக்கும் சொட்டு என்றால், என் இறக்கையிலிருந்து அது எப்படி லேசில் கிளம்பும்?

"இன்னிக்கு ராத்திரியே கிளப்பணும் அக்கா" என்றான் தம்பி. புதிதாக இறுகிய பசை கொஞ்சம் இளக்கமாக இருக்குமாம். ஒரு நாள் கழிந்தால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். பிறகு உப்புத்தாளால் தேய்த்தால், பசை அப்படியே இருக்க, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பள்ளமாகும்.

முதல் வைத்தியம் குளிர். இந்தப் பசைக்கு இழுப்பைத் தாங்கும் பலம் அதிகம். குளிர்ந்தால் கண்ணாடி போல் நொறுங்கும் சுபாவமும் உண்டு. விமானத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஈரம் புகாமல் மூடி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தோம். ஒரு பக்கம் பட்டாணிப் பொட்டலம், மறு பக்கம் ஐஸ் தட்டு, நடுவில் 'மதராஸ் மாகாணம்'! இரண்டு மணி நேரம். சாப்பாடு முடித்துவிட்டு எடுத்தோம். குளிரில் பிளாஸ்டிக்கும் உடையக்கூடியதாகிவிடும். அதனால் மெல்லிய கம்பி, சக்கரம் பக்கம் கை போகாமல் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பல் குத்தும் மூங்கில் குச்சியைப் பிளேடால் உளி போல் சீவி, முத்தின் அடியில் பக்கவாட்டில் வைத்து, ஒரே ஒரு தள்ளு. முத்து 'டக்'கென்று தெறித்து அடுப்படி வரை ஓடியது. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. முத்து போகும்போது கடுகளவு வர்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பிளாஸ்டிக்கை வர்ணம் பிடித்திருக்கும் பிடியை விட, வர்ணத்தைப் பசை பிடித்திருக்கும் பிடி பலமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். 'சுவடே தெரியாமல் எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேதத்தைச் சின்னதாக நிறுத்துவதுதான் நம்மால் ஆகக்கூடியது.

மெல்லிய படலமும் என் விரல் ரேகையும் குளிருக்கு மசியவில்லை. மெல்லியதாகப் பரவிய பசை அப்படி எளிதில் தெறிக்காதாம். "இனிமே உன் வேலைதான் அக்கா. கோலத்திலே இழை பிசகாம போடற கை உன்னுது" என்று சொல்லி, சாமான்களை என் பக்கம் தள்ளினான்.

படலத்தைச் சுற்றி, அதன் விளிம்பை ஒட்டியே, வர்ணக்காரர்கள் உபயோகிக்கும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். தேய்க்கும்போது நல்ல வர்ணத்தின்மேல் கை போகாமல் இருக்க அதுதான் வேலி. முதலில் புதுப் பிளேடு. வெட்டக்கூடாது; பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, தேங்காய் ஓட்டின் உட்புறத்தைச் சுரண்டுகிற மாதிரி, அழுத்தாமல் சுரண்ட வேண்டும். வெள்ளைத் தூளாக வந்தது. மேடு குறைந்த பிறகு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். ஐஸ் குச்சியின் நுனியில் நகத்தளவு துண்டை ஒட்டிக்கொண்டு, முதலில் 800 நம்பர், பிறகு 1200, கடைசியில் 2000. நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். நாலு தேய்ப்புக்கு ஒரு தரம் ஈரத்தைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது; சாய்த்தால்தான் பசை மினுங்கும்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் ரேகை வட்டம் வட்டமாக அழிந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் பழுப்புக்கு அடியில் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்ததும், "நிறுத்து!" என்றான் தம்பி. நீல வளையத்தின் ஓரத்தில் இன்னும் ஒரு கீற்றுப் பசை இருந்தது. அந்த வளையம் வர்ணம் அல்ல. தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படம். அதைச் சுரண்டினால் கிழிந்து வந்துவிடும். வேறு வளையம் வாங்கலாம். மாமாவின் கை ஒட்டிய வளையம் கிடைக்குமா? அந்தக் கீற்றைத் தொடாமல் விட்டேன். அன்று நான் செய்தவற்றில் புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

மாமாவின் எனாமல் டப்பாக்கள் அலமாரியின் கீழ்த் தட்டிலேயே இருந்தன. பழுப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வியாழக்கிழமை மெல்லியதாக ஒரு பூச்சு, வெள்ளிக்கிழமை இன்னொன்று. ஒரே பூச்சில் மறைத்துவிட ஆசைப்பட்டால் திட்டுத் திட்டாக மேடு கட்டிக்கொள்ளும்.

விசிறி இதழை ஒட்டியது தம்பி. குழாயை விமானத்தின் பக்கமே அவன் கொண்டுபோகவில்லை. பழைய தட்டில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி நுனியால் தொட்டு எடுத்து, ஒடிந்த இடத்தில் வைத்தான். எவ்வளவு சின்ன விஷயம்! இது எனக்குப் புதன்கிழமை காலையில் தெரிந்திருக்கக்கூடாதா? குறைந்த பசைதான் பலமாகவும் பிடிக்குமாம். நிறையப் பசை விட்டால் அது இறுகுவதற்குள் அதன் ஆவி கிளம்பிப் பக்கத்தில் படிந்து, பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இன்னும் அதிகம். நான் முதலில் செய்த முயற்சியில் விமானத்தின் மூக்கில் அந்த வெளுப்பு லேசாகப் படர்ந்திருந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மறையும். ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் அப்புறம் வார்னிஷ் பிடிக்காது. ஆகையால் சனிக்கிழமை பளபளப்பில்லாத வார்னிஷை மூக்கிலும் இறக்கையிலும் மெல்லப் பூசினோம். மூக்கின் வெளுப்பும் போயிற்று. புது வர்ணமும் பழைய வர்ணமும் ஒன்றாகிவிட்டன. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு போன்ற பாகம் கழன்றால் மட்டும் இந்தப் பசையின் பெயரையே எடுக்காதீர்கள். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். அது காய்ந்தால் நிறமில்லாமல் தெளிந்துவிடும்; கண்ணாடியும் மங்காது.

கைக்கும் ஒரு வார்த்தை. விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக உருட்டிப் பிரித்தால் வந்துவிடும். கண்ணில் பட்டுவிட்டால் ரிமூவரும் வேண்டாம், கை வைத்தியமும் வேண்டாம். தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே டாக்டரிடம் ஓடுங்கள். இன்னொன்று: கொலுப் படியில் ஏறும் மண் பொம்மைக்கும் காகிதக் கூழ் பொம்மைக்கும் இந்த ஐஸ் வைத்தியமும் ஈர உப்புத்தாளும் ஆகாது. அவை ஈரத்தைக் குடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார். பெட்டியை வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, வழக்கம் போல் அலமாரியைத் திறந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். விமானத்தை இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெளிச்சத்தில் சாய்த்தார். சாய்த்துப் பார்க்கிறவரிடம் தப்ப முடியுமா?

"வட்டத்துக்குப் பக்கத்துலே பெயிண்ட் புதுசா இருக்கே!" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துண்டு, 'டிக்', சொட்டு, விரல் ரேகை, பட்டாணிப் பொட்டலம்வரை ஒன்று விடவில்லை. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு விமானத்தைக் கவிழ்த்து அதன் வயிற்றைக் காட்டினார். வெளிர் நிற அடிப்பாகத்தில், மூக்கிலிருந்து வால் பக்கமாகக் கறுப்பாக ஒரு நீளமான கறை. எத்தனையோ தரம் பார்த்ததுதான்.

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியுமே. இன்ஜின் எண்ணெய் ஒழுகின கறை. நீங்கதானே சொல்லியிருக்கேள், நிஜ விமானத்திலேயும் அப்படித்தான் ஒழுகும்னு!"

"நிஜ விமானத்துலே ஒழுகும். இதுலே ஒழுகினது பசை" என்றார் மாமா. "குழந்தை தூங்கினப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குக் கறுப்பு அடிச்சு மறைச்சேன். அவன்கிட்டே சொல்லிடாதே!"